மேடையில் சொன்ன எண்ணும் மேசைக்கு வந்த பொறியும்

வகுப்பறையில் ஒரு சோதனையைச் செய்து காட்டும்போது இயற்பியல் ஆசிரியருக்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. சோதனை தவறிவிட்டால் என்ன செய்வது? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் மின்காட்டியின் தங்க இலைகள் விரிய மறுக்கும். மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி, முன்பே எடுத்து வைத்த படம் ஒன்றைத் திரையில் ஓட்டி, 'இதோ, உங்கள் கண்முன்னே நடக்கிறது பாருங்கள்' என்று ஓர் ஆசிரியர் சொல்வாரானால் அவரை நாம் என்னவென்று சொல்வோம்?

வாசகர்களே, இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு பொருட்காட்சியைத் திரும்பிப் பார்ப்போம். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்படும் கணிப்பொறியைக் கன்சோல் என்பர். நாம் விளையாட்டுப் பொறி என்போம். இப்பொறிகளைச் செய்யும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கூடித் தம் புதுச் சரக்கை அறிவித்த இடம் ஈ-3 எனப்படும் வணிகப் பொருட்காட்சி. 1995இல் தொடங்கிய இக்காட்சி பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்றது. காட்சி திறக்கும் முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அரங்கில் பத்திரிகையாளரைக் கூட்டித் தன் பொறியின் பெருமையை மேடையில் எடுத்துரைக்கும். அந்த மேடைப் பேச்சுகளும் செய்முறைகளுமே இக்கட்டுரையின் பொருள்.

இவ்விளையாட்டுகளில் எனக்கு விருப்பம் உண்டு. ஆகவே இதனை விளையாட்டை வெறுப்பவனின் குரலாகக் கொள்ள வேண்டாம். ஒரு பொறியை வாங்கும் இளைஞன் தன் சேமிப்பையோ தந்தையின் ஊதியத்தில் ஒரு பகுதியையோ கொடுத்து வாங்குகிறான். அவன் கைக்கு வருவது மேடையில் கண்ட பொறிதானா என்பது நியாயமான கேள்வி.

இரண்டு இலட்சம் கோடி

2005ஆம் ஆண்டு மே 16ஆம் நாள். சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 பொறியை அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 பொறியை விளக்கியதும் அதே நாளில்தான். இருவரும் மேடையில் எண்களை வீசினர். எங்கள் பொறி 1 டெராஃபிளாப் ஆற்றலுடையது என்றது மைக்ரோசாஃப்ட். எங்கள் பொறி 2 டெராஃபிளாப் ஆற்றலுடையது என்றது சோனி.

டெராஃபிளாப் என்றால் என்ன? புள்ளி வைத்த எண்கள் இரண்டைக் கூட்டுவதையோ பெருக்குவதையோ ஒரு செயல் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஓர் இலட்சம் கோடி செயல்களைச் செய்யும் வேகமே 1 டெராஃபிளாப். சோனி கூறிய 2 டெராஃபிளாப்பில் 1.8 டெராஃபிளாப், படங்களை வரையும் சில்லுக்கு உரியது என்று அந்நிறுவனமே பிரித்துக் காட்டியது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2013இல் இதே சோனி தன் அடுத்த பொறியான பிளேஸ்டேஷன் 4ஐ அறிவித்தது. அதன் படவரைவுச் சில்லின் வேகம் எவ்வளவு என்று கூறியது தெரியுமா? 1.84 டெராஃபிளாப்!

சற்றே நின்று இதை எண்ணிப் பாருங்கள். எட்டு ஆண்டுக் காலத்தில் சில்லுத் தொழில்நுட்பம் பன்மடங்கு வளர்ந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 3இன் நினைவகம் 512 மெகாபைட். பிளேஸ்டேஷன் 4இன் நினைவகம் 8 கிகாபைட், அதாவது 16 மடங்கு. புதிய பொறி காட்டும் படங்கள் பழைய பொறியால் எண்ணிப் பார்க்கவும் முடியாதவை. ஆயினும் இரண்டு சில்லுகளின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்கின்றன நிறுவனத்தின் எண்கள். இது எவ்வாறு இயலும்?

விடை எளியது. அளக்கப்பட்ட பொருள் மட்டும் மாறவில்லை, அளவுகோலும் மாறிவிட்டது. பூக்கடையில் மல்லிகைச் சரத்தை முழம் போட்டுத் தருகிறார்கள். நீண்ட கையால் அளந்தால் 5 முழமாக இருக்கும் சரம், சிறுமியின் கையால் அளந்தால் 8 முழம் ஆகும். சரம் நீளவில்லை, முழம் குறுகிவிட்டது.

2013ஆம் ஆண்டின் எண்ணை நாமே சரிபார்க்கலாம். அச்சில்லில் 18 கணக்கிடும் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 64 உறுப்புகள். ஆக 1,152 உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும், ஆக 2 செயல்கள் செய்யும். துடிப்பு வினாடிக்கு 80 கோடி முறை. இவற்றைப் பெருக்கினால் 1,84,320 கோடி, அதாவது 1.84 இலட்சம் கோடி. எண் சரியாக வந்துவிட்டது. இது ஒரு நேர்மையான அளவு. அந்த உச்ச வேகம் எல்லா வேளையிலும் கிடைத்துவிடாது என்பது உண்மையே. எனினும் எதை எண்ணினார்கள் என்பது தெரிகிறது.

2005ஆம் ஆண்டின் 1.8ஐ இவ்வாறு பெருக்கிக் காண முடியாது. நிரலர் தம் விருப்பப்படி பயன்படுத்தக்கூடிய உறுப்புகளை மட்டும் எண்ணினால் அவ்வெண்ணின் அருகில்கூட வர இயலாது. படத்தின் மேற்பூச்சைச் சீராக்குவது போன்ற ஒரே வேலைக்கென்று நிலையாக அமைத்த சுற்றுகளின் உழைப்பையும் கணக்கில் சேர்த்தால்தான் எண் அவ்வளவு பெருகும். மைக்ரோசாஃப்ட்டின் 1 டெராஃபிளாப்பும் இவ்வகைப் பெருக்கமே. எனவே 2 பெரிதா, 1 பெரிதா என்று அந்நாளில் இரசிகர்கள் இட்ட சண்டை பொருளற்றது. அலகின் வரையறை தெரியாத இரண்டு எண்களை ஒப்பிடுவது அளவீடு ஆகாது.

படமா, பொறியா?

அதே மேடையில் சோனி வேறொன்றும் செய்தது. கில்சோன் 2 என்னும் போர் விளையாட்டின் காட்சியைத் திரையில் காட்டியது. புகையும் நெருப்பும், வீரர்களின் முகச் சுருக்கமும், சிதறும் சிமெந்தும் அவையை மலைக்கச் செய்தன. இது பொறி இயங்கி உண்டாக்கிய காட்சி என்றே பலரும் நம்பினர். பின்னரே உண்மை தெரிந்தது. அது முன்கூட்டியே வரைந்து தொகுத்த படம். நெதர்லாந்தைச் சேர்ந்த கொரில்லா கேம்ஸ் என்னும் குழு எட்ட விரும்பிய இலக்கு. விளையாட்டு விற்பனைக்கு வந்தது 2009 பிப்ரவரியில்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கில்சோன் 2 விளையாட்டின் திரையில் குறுக்கே 1,280, நெடுக்கே 720, ஆக 9,21,600 படப்புள்ளிகள். வினாடிக்கு 30 படங்கள். ஆகவே ஒரு படத்தை வரையப் பொறிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 33 மில்லி வினாடி. அதற்குள் விளையாடுபவன் எந்தப் பொத்தானை அழுத்தினான், பகைவன் எங்கு நிற்கிறான், ஒளி எங்கு விழுகிறது ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு ஒன்பது இலட்சம் புள்ளிகளுக்கும் நிறம் கொடுத்தாக வேண்டும். தவறினால் படம் தடுமாறும். முன்கூட்டி வரையும் படத்திற்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஒரே படத்தைப் பல மணி நேரம் வரையலாம். பிடிக்காவிடில் அழித்து மீண்டும் வரையலாம். ஒன்று நேரத்தோடு நடத்தும் போராட்டம். மற்றது நேரத்தைப் பொருட்படுத்தாத ஓவியம். இரண்டாவதைக் காட்டி முதலாவதாக நினைக்கவிடுவது, நான் முதலில் கூறிய ஆசிரியர் செயலே அன்றி வேறன்று.

மைக்ரோசாஃப்ட்டும் குறையில்லாததன்று. அவ்வாண்டுக் காட்சியில் எக்ஸ்பாக்ஸ் 360க்கென இயங்கிய விளையாட்டுகள், ஆப்பிள் நிறுவனத்தின் பவர் மேக் ஜி5 கணிப்பொறிகளில் இயங்கின. இறுதிப் பொறி அப்போது உருவாகி முடியவில்லை. ஆயினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும். அவை உண்மையிலேயே இயங்கின. கையில் பிடித்து ஆடவும் முடிந்தது. மாற்றுப் பொறியில் ஓடும் விளையாட்டு அரை உண்மை. பொறியே இல்லாமல் ஓடும் படம் அதுவும் ஆகாது. நின்டெண்டோ நிறுவனமோ அவ்வாண்டு பெட்டியின் வெளித்தோற்றத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது. இரசிகர்கள் ஏமாற்றம் அடைந்தனர். என் மதிப்பீட்டில் அவ்வாண்டு மேடையில் குறைந்த தவறு செய்தது பேசாதிருந்த அந்நிறுவனமே.

நண்டும் டென்னிஸும்

மறு ஆண்டு, 2006 மே 8ஆம் நாள், சோனி மீண்டும் மேடை ஏறியது. முன்னாண்டு காட்டிய பொறியில் தொலைக்காட்சிக்கான எச்.டி.எம்.ஐ. இணைப்பு 2, பிணையத் துளை 3 இருந்தன. விற்பனைக்கு வந்த பொறியில் ஒவ்வொன்றும் 1. வளைதடி வடிவில் காட்டிய கைப்பிடியும் கைவிடப்பட்டது. விலை 499 டாலர், 599 டாலர் என்று இருவகையாக அறிவிக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360இன் உயர்ந்த வகை அப்போது 399 டாலர்.

அம்மேடையில் பலரும் நகைத்த நிகழ்ச்சி வேறு. பண்டை ஜப்பானில் உண்மையில் நடந்த போர்களை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரு விளையாட்டை அறிமுகப்படுத்திய சற்று நேரத்தில், திரையில் ஒரு பூதாகார நண்டு வந்து நின்றது! இன்றுவரை அந்த நண்டைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அந்நண்டின் பக்கம் நிற்கிறேன். ஏனெனில் அது மேடையில் ஒருவர் ஆட, பொறி இயங்கி வரைந்த நண்டு. முன்னாண்டு மலைக்க வைத்த போர்க்களத்தைவிட இந்த நகைப்பிற்கிடமான நண்டே நேர்மையானது. சிரிப்பை வைத்துச் செய்முறையை மதிப்பிடுவது விமரிசனம் ஆகாது.

அடுத்த நாள் நின்டெண்டோவின் முறை. 'வீ' என்னும் தன் பொறியை அது அறிமுகப்படுத்தியது. எண் எதுவும் வீசவில்லை. விளையாட்டுகளைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவும், நிறுவனத் தலைவர் சட்டோரு இவாட்டாவும், வேறு இருவரும் மேடையில் நின்று கைப்பிடியை மட்டையாக வீசி டென்னிஸ் ஆடினர். பந்து தவறியது, அவை சிரித்தது. பின்னர் காட்சிக் கூடத்தில் அதே பொறியை எவரும் ஆடிப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டனர். அங்கு நின்ற வரிசை பல மணி நேரம் நீண்டது.

தவறக்கூடிய செய்முறையே செய்முறை. தோல்வியுறும் வாய்ப்பு இருந்தும் நடந்தேறியது என்பதே அதன் வலிமை. இவ்வகையில் 2006ஆம் ஆண்டின் சிறந்த மேடை நின்டெண்டோவுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் விமரிசகன் கடமை தவறியவன் ஆவான். மேடையில் அவர்கள் தோள் முதல் விரல் வரை வீசி ஆடினர். அம்முழு வீச்சையும் பொறி அளக்கிறது என்றே அவை எண்ணியிருக்கும். உண்மை என்ன? கைப்பிடியில் இருந்தது மூன்று திசைகளிலும் முடுக்கத்தை அளக்கும் சிறு முடுக்கமானி. சிலிக்கனால் ஆன நுண்ணிய எடை ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. கை அசையும்போது எடை விலகும். விலகலை மின்தேக்குதிறன் மாற்றத்தால் அறிவர்.

இக்கருவிக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. கையின் முடுக்கத்தையும் புவியீர்ப்பையும் அதனால் பிரித்தறிய இயலாது. ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்புக் கொள்கைக்கு அடித்தளமாகக் கொண்ட சமானக் கோட்பாடே இதற்குக் காரணம். மேலும் முடுக்கத்திலிருந்து இடப்பெயர்ச்சியைக் கணக்கிட முயன்றால் பிழை காலத்தின் இருபடியாக வளரும். அளவில் 0.1 மீட்டர்/வினாடி² பிழை இருந்தால் 10 வினாடியில் இடத்தில் வரும் பிழை 5 மீட்டர்! எனவே டென்னிஸ் ஆட்டம் கையின் பாதையை அளக்கவில்லை. எப்போது, ஏறக்குறைய எவ்வாறு வீசினீர்கள் என்பதை மட்டும் அறிந்து மற்றவற்றைத் தானே நிரப்பிக்கொண்டது. இதனை விரைவில் கண்டுகொண்ட சிறுவர்கள், சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி மணிக்கட்டை மட்டும் அசைத்து வென்றனர். குறையை உணர்ந்த நிறுவனம் 2008இல் கைரோஸ்கோப் கொண்ட துணைக் கருவியை அறிவித்து 2009இல் விற்றது. மேடையில் பொய் கூறவில்லை. ஆனால் பார்ப்பவர் தாமே மிகையாக எண்ணிக்கொள்ள இடம் கொடுத்தது. இது சிறிய குற்றம், எனினும் குற்றமே.

தவறிய சோதனையின் மதிப்பு

2009ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட், கைப்பிடியே இல்லாமல் உடலசைவை அறியும் கருவியை அறிவித்தது. கினெக்ட் என்று பின்னர் பெயர் பெற்ற அக்கருவி 2010 நவம்பரில் வந்தது; அகச்சிவப்புக் கதிரால் ஆழத்தை அளந்த அது நல்ல கண்டுபிடிப்பே. ஆனால் அறிவிப்பு மேடையில் மைலோ என்னும் சிறுவனின் படம் காட்டப்பட்டது. திரையிலுள்ள அச்சிறுவன் எதிரே நிற்கும் பெண்ணுடன் பேசினான், அவள் மனநிலையை உணர்ந்தான், அவள் நீட்டிய ஓவியத்தைப் பெற்றுக்கொண்டான். அந்த மைலோ ஒருநாளும் விற்பனைக்கு வரவில்லை.

இதற்கு எதிராக 2010இல் நடந்ததைச் சொல்கிறேன். நின்டெண்டோ மேடையில் மியாமோட்டோ ஒரு புதிய விளையாட்டை ஆடிக் காட்ட முயன்றார். வாள் கையசைவைக் கேட்க மறுத்தது; அம்பு குறி தவறியது. அரங்கிலிருந்த கம்பியில்லாக் கருவிகளின் அலைக் குறுக்கீடே காரணம் என்றனர். உலகம் பார்க்க ஒரு பெரிய படைப்பாளி மேடையில் திணறி நின்றார். மறுநாள் ஏளனம் செய்தவர் பலர். எனக்கோ என் தங்க இலை மின்காட்டி நினைவுக்கு வந்தது. அந்தத் தோல்வி ஓர் உண்மையை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. மேடையில் இருந்தது படமன்று, பொறி!

செய்முறை உண்மையாக இருந்தாலும் அது காட்டாதவை உண்டு என்பதையும் மறக்கலாகாது. எக்ஸ்பாக்ஸ் 360 பொறிகள் பல வீடுகளில் சிவந்த விளக்கைக் காட்டிச் செயலிழந்தன. 2007 ஜூலையில் நிறுவனம் உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டாக நீட்டியது. அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. பொறியை மீண்டும் மீண்டும் இயக்கி நிறுத்தும்போது சூடேறிக் குளிர்ந்து, உள்ளிணைப்புகள் முறிந்தன என்பதை 2021இல் வெளியான ஆவணப்படத்தில் அந்நிறுவனத்தாரே விளக்கினர். ஒரு மணி நேர மேடை, ஓராண்டு வெப்பத்தைக் காட்டாது.

சோனிக்கும் நியாயம் வழங்குவோம். பிளேஸ்டேஷன் 3 தாழ்ந்த பொறியன்று. அதன் செல் சில்லு புதுமையானது. 2010இல் அமெரிக்க விமானப் படையின் ஆய்வகம் இப்பொறிகளில் 1,760ஐ இணைத்து ஒரு மீக்கணிப்பொறியே அமைத்தது. கில்சோன் 2 விளையாட்டும் வெளிவந்தபோது பாராட்டுப் பெற்றது. ஆதலால்தான் என் வருத்தம் மிகுகிறது. உண்மையாகவே நல்ல பொறியைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பொய்த் துணை எதற்கு?

இனி என்ன?

இவையெல்லாம் பழங்கதை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. ஈ-3 இப்போது இல்லை. 2023 டிசம்பரில் அதனை நிலையாக மூடிவிட்டதாக அறிவித்தனர். அதற்கு முன்பே, 2013இலிருந்து நின்டெண்டோ அங்கு பெரிய மேடை அமைப்பதை விட்டுப் பதிவு செய்த படங்களை இணையத்தில் வெளியிட்டது. 2019இல் சோனி பொருட்காட்சிக்கே வரவில்லை. இன்று புதுப்பொறிகளும் விளையாட்டுகளும் பெரும்பாலும் தொகுத்து மெருகிட்ட படங்களின் வாயிலாகவே நம்மை அடைகின்றன. முன்பு மேடையில் கூறியதைப் பக்கத்துக் கூடத்தில் சென்று சோதித்துவிடும் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சோதனைச் சாலை மூடப்பட்டுவிட்டது. சோதிக்கும் பொறுப்பு இப்போது பார்ப்பவராகிய உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு பொறியின் அறிவிப்பைக் காணும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். காண்பது பொறி அப்போதே வரைந்ததா, முன்பே வரைந்ததா? இயங்கியது விற்கப்படும் பொறியா, வேறொன்றா? கூறிய எண்ணில் எதை எண்ணினார்கள். நீங்களே பெருக்கிப் பார்த்தால் வருகிறதா? விலை, வெப்பம், உழைப்புக் காலம் ஆகியவற்றுள் எதைக் கூறாமல் விட்டார்கள்?

ஆய்வுக்கூடத்தில் அளவீட்டின் பக்கத்தில் அலகையும், கருவியையும், பிழையையும் எழுதாத மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. மேடையில் நிற்கும் நிறுவனத்திற்கு மட்டும் ஏன் தரவேண்டும்?